மீட்டரில் லட்சம் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார்: காரைக்குடிக்குக் கொண்டுவரலாமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்தால் தரகர் முதலில் சொல்வது கிலோமீட்டர்தான். “அண்ணே, மொத்தமே இருபத்தெட்டாயிரந்தான் ஓடியிருக்கு. வீட்டு ஆளுக சிங்கப்பூர்ல இருக்காக. பொங்கலுக்கு வந்தா எடுப்பாக, அம்புட்டுத்தான்.” அதே தரகர் கைபேசியில் தயங்கித் தயங்கிக் காட்டும் இன்னொரு வண்டி, சென்னையில் 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. அதே மாடல், அதே வருஷம், விலை மட்டும் நன்றாகக் குறைவு.

எதை முதலில் போய்ப் பார்ப்பது? பில் எல்லாம் இருக்கிறதென்றால், சென்னை வண்டியை. ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் ஓடிய தூரத்தைவிட, ஓடாமல் நின்ற காலமும் கணக்கில்லாமல் ஓடிய காலமும்தான் அதிகம் செலவு வைக்கும்.

கொட்டகையில் நின்ற வண்டி

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பின்தெரு வாசலை ஒட்டிய கொட்டகையில் விட்டுப் பூட்டினால் வெயிலும் படாது, மழையும் படாது. பெயிண்ட் புதுசு மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் கெடுவது பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி டேங்க்கோடு நிறுத்தினால் மீதி இடத்திலிருக்கும் காற்றின் ஈரம் முழுக்க அதற்குத்தான். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் ஹோஸ், சீல் எதுவும் இ20-ஐ நினைத்துச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின் என்றால் உயர் அழுத்த பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து அடிவாங்கும். அவை இரண்டும் விலை உள்ள சாமான்கள்.

அடுத்தது ரப்பர். ஏசி கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் ஓடினால்தான் எண்ணெய் பட்டு ஈரமாக இருக்கும். நின்றால் காய்ந்து கேஸ் கசியும். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் ஒரே இடத்தில் நின்று இறுகும். டயர் தரையில் பட்ட இடத்தில் தட்டையாகி, 80-ல் போகும்போது ஸ்டீயரிங்கில் அதிரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அதை நம்பி இந்த வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது. ‘இருபத்தெட்டாயிரம் ஓடிய’ வண்டியில் நாலு டயரையும் மாற்றியாக வேண்டியிருப்பது இப்படித்தான்.

எலியைச் சொல்லவே வேண்டாம். பெரிய வீட்டுக் கொட்டகையில் அதற்குப் பஞ்சமில்லை. பானட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் வண்டியின் உள்ளறைக்கும் நடுவிலிருக்கும் தகட்டை ஒட்டிய இன்சுலேஷனைப் பாருங்கள். பிய்த்துக் கூடு கட்டியிருந்தால் ஒயரிங்கிலும் வாய் வைத்திருக்கும். டேப் சுற்றி ஒட்டுப்போட்ட ஒயரிங் ஹார்னஸ் உள்ள வண்டியை வாங்காதீர்கள். இன்ஜினைப் பிரித்துச் சரிபண்ணிவிடலாம். எப்போதாவது ஒருமுறை மட்டும் வரும் மின்கோளாறைத் தேடித் தேடியே பணம் கரையும்.

நிற்பது எவ்வளவு கெடுதல் என்பதற்கு போர்ஷே பாக்ஸ்டர், கேமன் கார்களின் 987 என்கிற தலைமுறை நல்ல உதாரணம். 2008 வரை வந்த 987-களின் இன்ஜினில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் ஒன்று உண்டு, சுருக்கமாக ஐஎம்எஸ். கிரீஸ் வைத்து மூடிய பேரிங் அது. சீல் தளர்ந்ததும் இன்ஜின் ஆயில் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். அந்த ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருந்தால் பேரிங் அரிக்கும். ஆயிலில் ஈரம் சேர்வது சூடேறாமல் ஓடி நிறுத்தும் வண்டியில்தான். பேரிங் உடைந்தால் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினே போய்விடும். 2005-க்குப் பிறகு வந்த பெரிய பேரிங் அவ்வளவாகப் போவதில்லை. ஆனால் இன்ஜின் உடலைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்கவும் முடியாது. 2009 மாடலிலிருந்து வந்த இன்ஜினில் அந்தப் பேரிங்கே கிடையாது. 987-தான் வேண்டும் என்று மனசு கேட்டால் 2009-ம் அதற்குப் பிந்தியதும் மட்டும் பாருங்கள். பழையதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளக்கும் இரும்புத் துகள் இருந்தால் டெஸ்ட் டிரைவ்கூட வேண்டாம்.

மீட்டரை நம்பாதீர்கள், மணிக்கணக்கைக் கேளுங்கள்

மீட்டரைக் குறைப்பது இப்போது லேப்டாப் வேலை. ஆனால் குறைப்பவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டில் மட்டும்தான் குறைப்பார்கள். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுகளில் பழைய கோளாறு பதிவானபோது வண்டி எத்தனை கிலோமீட்டரில் இருந்தது என்பதும் சேர்ந்து நிற்கும். இந்தப் பதிவுகளைப் படிக்கும் நல்ல ஸ்கேனர் கருவி போட்டால் டேஷ்போர்டில் 62,000, கியர்பாக்ஸ் பதிவில் 1,04,000 என்று குட்டு வெளிப்படும்.

இன்னொன்று இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு. போர்ஷேயில் இது ஸ்கேனரில் தெளிவாக வரும். வேறு சில வண்டிகளிலும் கிடைக்கும். 1,30,000 கிலோமீட்டர், 2,600 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்; நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. 28,000 கிலோமீட்டர், 1,400 மணி என்றால் சராசரி 20. சிக்னலிலும் நெரிசலிலும் ஏசி போட்டுக்கொண்டு நின்ற வண்டி. கிளட்ச், பிரேக், இன்ஜின் மவுன்ட், கூலிங் ஃபேன் எல்லாம் உழைத்தது இரண்டாவதில்தான். போர்ஷேயின் அதே ஸ்கேனரில், ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டி இன்ஜின் எத்தனை முறை சுற்றியது என்பதும் ஆறு படிகளாக இருக்கும். முதல் இரண்டில் எண்ணிக்கை இருப்பது சகஜம். மேல் படிகளில் இருந்தால் கியரைத் தப்பாகக் கீழே போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியும் தடயங்களும் உண்டு: பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், டிரைவர் சீட்டின் கதவுப்பக்க விளிம்பு, ஸ்டீயரிங்கில் கை படும் இடத்தின் வழவழப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் வாங்கிப் பழகியவர்கள் மேல் பாலிஷைப் பார்க்காமல் தூணின் அடியைப் புரட்டிப் பார்ப்பார்களே, அதே புத்திதான் இங்கேயும் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி பில். சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். ‘வெளியில நல்ல மெக்கானிக்கிட்ட பார்த்தோம்’ என்றால் அந்த மெக்கானிக்கின் பில்லும் சாமான் வாங்கிய ரசீதும் வேண்டும்.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸை வைத்துப் பார்ப்போம்

இரண்டு கதவு கார் செட்டிநாட்டில் எல்லோருக்கும் சரிப்படாது. அப்பத்தாவைக் குன்றக்குடிக்கு அழைத்துப் போகவும் ஆக வேண்டும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டவும் வேண்டும் என்பவர்கள் தேடுவது ஆக்டேவியா ஆர்எஸ். இங்கே சொல்லும் தலைமுறை இந்தியாவுக்கு 2017-ல் வந்தது. 2.0 டிஎஸ்ஐ டர்போ இன்ஜின், 230 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்புவிசை), ஆறு கியர் டிஎஸ்ஜி என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்.

இதில் முதலில் கேட்க வேண்டியது கியர்பாக்ஸ் ஆயில். இது எண்ணெயில் நனையும் கிளட்ச் உள்ள டிஎஸ்ஜி. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். 1,30,000 ஓடிய வண்டியில் இந்த வேலைக்கு இரண்டு பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த கிளட்சின் பொடி ஆயிலோடு சுற்றி, மெக்கட்ரானிக்ஸ் என்கிற வால்வு-மின்னணுப் பெட்டியின் நுண்ணிய வழிகளை அடைக்கும். அந்தப் பெட்டியை மாற்றும் செலவில் நல்ல பைக் வாங்கலாம். (ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி வேறு. சாதாரண ஆக்டேவியா 1.8-லும் போலோ ஜிடி டிஎஸ்ஐயிலும் வந்தது அதுதான். அதிகம் பெயர் கெட்டதும் அதுதான். விற்பவர்களே இரண்டையும் குழப்பிப் பேசுவார்கள்.)

சோதிக்க ரேஸ் ட்ராக் தேவையில்லை. சமதளத்தில் டி-யில் போட்டு பிரேக்கை விடுங்கள். ஆக்ஸிலேட்டர் தொடாமல், உதறாமல், தானே நகர வேண்டும். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுங்கள். நின்றபடி இருக்கையில் நியூட்ரலில் கடகடவென்று சத்தம் வந்து, கியர் போட்டதும் மாறினால் இன்ஜின் அதிர்வை அடக்கும் ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் தளர்ந்திருக்கிறது. இதையெல்லாம் இருபது நிமிஷம் ஓட்டி ஆயில் சூடான பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும் டிஎஸ்ஜி, சூடானதும் வேஷத்தைக் கலைக்கும்.

ரீமேப் செய்த, அதாவது இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தியைக் கூட்டிய வண்டியா என்பது அதைவிட முக்கியம். இந்த கியர்பாக்ஸ் தாங்கும் டார்க் 350 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்ததே சரியாக அந்த விளிம்பில்தான் நிற்கிறது. ஸ்டேஜ் 1 என்று சாஃப்ட்வேர் மாற்றினால் 400-ஐத் தாண்டும். கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். மூன்றாவது, நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் முள் குதித்து ஏறி, வேகம் அதே அளவுக்கு ஏறாமல் இருந்தால் அதுதான் வழுக்கல். “இப்ப ஸ்டாக் ஃபைலுக்கு மாத்தியாச்சு தம்பி” என்று சொல்வார்கள். சாஃப்ட்வேரைத் திருப்பிப் போடலாம், தேய்ந்த கிளட்சை அது சரிசெய்யாது.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போவதற்கு முன்பே, வண்டியைக் கிளப்பி வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் டைமிங் செயின் பக்கம் ஓரிரு விநாடிக்கு மேல் கடகடத்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ செயினோ தளர்ந்திருக்கிறது. செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை கேம்ஷாஃப்ட் கோணமாக ஸ்கேனரிலேயே பார்க்கலாம். நீலப் புகை ஆயில் எரிவது. இனிப்பு வாடையோடு விடாமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ட். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உள்ளே உறிஞ்சி, விசில் சத்தமும் வந்தால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் டயாபிரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. இது சின்ன வேலைதான், விலையில் பேசிக்கொள்ளலாம்.

இந்த இன்ஜினின் பலவீனம் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங். சூட்டில் வளைந்து மெதுவாகக் கசியும். சொட்டுவதற்குள் ஆவியாகிவிடுவதால் தரையில் கறை இருக்காது. ஹவுசிங்கின் விளிம்பில் இளஞ்சிவப்பு உப்பு மட்டும் படிந்திருக்கும். கூலன்ட் குடுவையில் மட்டம் குறைந்து, விற்பவர் ‘லேசா தண்ணி ஊத்திக்கணும்’ என்றால் இதுதான். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, ரேடியேட்டருக்கு அதுவும் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் கலந்த, அந்த வண்டிக்கான கூலன்ட் மட்டுமே. சாதாரணத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் அலுமினியத்தில் உப்புப் படிந்திருக்கும். சித்திரை வெயிலில் ஏசி போட்டு ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நின்றால் முள் ஏறும்.

இவ்வளவும் தேறினால் மட்டும் லீக்-டவுன் டெஸ்ட்டுக்குப் பணம் செலவழியுங்கள். சிலிண்டரில் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது; 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் மூடி வழியாக என்றால் பிஸ்டன் ரிங், சைலன்சர் வழியாக என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட் குடுவையில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட்.

பாடிக்கு பெயிண்ட் தடிமன் மீட்டர் போதும். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட். 500-க்கு மேல் போனால் டிங்கரிங் செய்து பட்டி பார்த்திருக்கிறார்கள். கதவில் சிராய்ப்புக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் பரவாயில்லை. பானட்டுக்குள் முன்சக்கரத்தை ஒட்டிய தகடான முன் ஏப்ரனில் வெல்டிங் இருந்தால் திரும்பிவிடுங்கள். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைவில் வைத்து, சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கோடு இருக்கும். அதை யாரும் கழுவுவதில்லை. சீட் தண்டவாளத்தின் போல்ட் துரு, ஸ்டெப்னி குழியின் வண்டல், ஒயர் கனெக்டரில் பச்சை, எல்லாம் அதே கதை. கடற்கரையோரம் நின்ற வண்டியில் அடிப்பக்கத் துரு தனி. உலோக அரிப்பையும் ஆராயும் சிக்ரி ஆய்வகம் 1953-லிருந்து இருக்கிற ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை.

ஊருக்கு வந்த பிறகு

வண்டி நன்றாகவே இருந்தாலும் ஊருக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. திருச்சி–ராமநாதபுரம் நெடுஞ்சாலையில் சுகமாகப் போகலாம். அதிலிருந்து ஆத்தங்குடிக்கோ கானாடுகாத்தானுக்கோ திரும்பினால் ஊருக்கு ஊர் வேகத்தடை. பல இடங்களில் கோடும் இல்லை, போர்டும் இல்லை. தாழ்ந்த வண்டியில், இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் அலுமினிய சம்ப் ஒரு அடியில் பிளக்கும். ஆயில் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினாலே இன்ஜின் போச்சு. எனவே வாங்கும் முன் ரேம்ப்பில் தூக்கி சம்ப்பில் கீறலும் வெல்டிங்கும் பார்ப்பது, வாங்கிய பின் இரும்பு கார்டு போடுவது, இரண்டும் கட்டாயம். பின்தெரு வாசல் சரிவையும் அளந்துகொள்ளுங்கள். உயர்ந்த அடித்தளம் உள்ள வீட்டில் முன் பம்பரின் உதடு தட்டாமல் ஏற, சரிவை நீட்டிக் கட்ட வேண்டி வரலாம்.

இந்த வண்டிக்கு ஸ்கேனரோடு வேலை தெரிந்தவர் வேண்டும் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போக வேண்டும். பெரிய வேலைக்கு கோயம்புத்தூர் அல்லது சென்னை. நின்றுபோனால் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுக்கும் வண்டி தாழ்ந்த பம்பரைப் பெயர்த்துவிடும். மேடை லாரிதான் வர வேண்டும். அந்த வாடகையை விசாரித்து வைத்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

ஓட்டும் முறையும் உண்டு. கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். வீட்டிலிருந்து கொப்புடையம்மன் கோயில், அங்கிருந்து வீடு என்றே ஓட்டினால் ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறையாவது திருமயம் வரை போய்வர நேரமில்லாதவர்கள் இந்த வண்டியை வாங்காமல் இருப்பது வண்டிக்கு நல்லது.

விலையைப் பொறுத்தவரை, கையிலிருக்கும் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியில்தான் வண்டி. அந்த ஐந்தில் ஒரு பங்கு முதல் வருஷமே காலியாகும்: இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டரும், பிளக், பிரேக் ஆயில், கூலன்ட், டிஎஸ்ஜி ஆயில், பேட்டரி, தெர்மோஸ்டாட் ஹவுசிங், லோயர் ஆர்ம் புஷ் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர்), நாலு டயர். இவற்றில் எதையெல்லாம் விற்பவர் பில்லோடு செய்துவைத்திருக்கிறாரோ அதற்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாம். அலாய் வீலுக்கும் சத்தம் போடும் சைலன்சருக்கும் கொடுக்க வேண்டாம்.

கடைசியாகப் பேப்பர். பதிவு 15 வருஷத்துக்குத்தான். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குப் பிறகு புதுப்பிக்க சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். முன்பு பேசிய 987 போர்ஷே இறக்குமதிக் கணக்கில்தான் வரும். பெங்களூர் வண்டியோ புதுச்சேரி எண்ணோ மலிவாகத் தெரிந்தால், அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வண்டியின் வயசுக்கேற்ற ஆயுள் வரியையும் கட்டி, சிவகங்கைக் கணக்கில் டிஎன்-63 எண் வாங்கும் செலவைக் கூட்டிப் பாருங்கள். மலிவு காணாமல் போகும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டவும் சட்டம் இடம் தராது. கடன் இருந்த வண்டியென்றால் ஆர்சியில் கடன் குறிப்பை நீக்கும் ஃபாரம் 35-உம் வங்கியின் கடிதமும் கைக்கு வராமல் டோக்கன் அட்வான்ஸ் தவிர வேறு பணம் கொடுக்காதீர்கள். பேர் மாற்ற ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கும் அன்றைக்கே இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதற்கு 14 நாள் கெடு. பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், பிரீமியத்தில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டிவிட்டு, பாலிசியில் உங்கள் பெயர் வந்த பிறகு சென்னையிலிருந்து வண்டியை எடுங்கள். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தால், பாலிசி இன்னும் பழையவர் பெயரில் இருக்கிறது என்று சொல்லியே கிளெய்மை மறுத்துவிடலாம்.